நான்-லீக் மைதானம் பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

இங்கிலாந்துக்குப் போகும் கால்பந்து ரசிகர்களில் சிலர், ஆன்ஃபீல்டு, ஓல்டு டிராஃபோர்டு மாதிரி பெரிய மைதானங்களுக்கு டிக்கெட் தேடி அலுத்தபின் நான்-லீக் பக்கம் திரும்புகிறார்கள். பிரீமியர் லீக்கும் அதன் கீழுள்ள மூன்று டிவிஷன்களும் போக, ஐந்தாம் படியிலிருந்து கீழே உள்ளதெல்லாம் நான்-லீக்தான். நல்ல முடிவு. குடை, ஸ்வெட்டர் எல்லாம் அவர்களே எடுத்துக்கொள்வார்கள். மாட்டிக்கொள்வது வேறு இடத்தில்.

அட்டவணையை நம்பி ரயில் டிக்கெட் எடுப்பது

ஜூலையில் வெளியாகும் அட்டவணையைப் பார்த்து, நவம்பர் சனிக்கிழமைக்கு மலிவான ‘அட்வான்ஸ்’ டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். ஆட்டம் தள்ளிப்போனால் அந்தப் பணம் திரும்பாது. ஆட்டமோ எளிதில் தள்ளிப்போகும்.

முதல் காரணம் கோப்பைகள். எஃப்.ஏ. (இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம்) நடத்தும் எஃப்.ஏ. கோப்பையின் தகுதிச் சுற்றுகள் ஆகஸ்டிலேயே ஆரம்பம். அது போக 5 முதல் 8ஆம் படி வரையுள்ள கிளப்புகளுக்கு எஃப்.ஏ. டிராஃபி, அதற்குக் கீழே எஃப்.ஏ. வாஸ் என்று தனிக் கோப்பைகள். நீங்கள் பார்க்கப் போகும் கிளப் கோப்பையிலிருந்து வெளியேறியிருந்தாலும், எதிரணி ஒரு சுற்று ஜெயித்தால் போதும். அந்தச் சனிக்கிழமை கோப்பைக்குப் போய்விடும், உங்கள் லீக் ஆட்டம் ஏதோ ஒரு வாரநாள் இரவுக்குத் தள்ளப்படும். எதிரணியின் கோப்பை நிலவரத்தை யாரும் பார்ப்பதே இல்லை.

இரண்டாவது, வானிலை. இந்த மைதானங்களில் பெரும்பாலும் தரைக்கடியில் சூடேற்றும் குழாய் கிடையாது. நடுமைதானம் பச்சைப்பசேலென்று இருந்தாலும், ஸ்டாண்டின் நிழல் விழும் ஒரு மூலை உறைந்து கிடந்தால் ஆட்டம் இல்லை. மழை என்றால் நடுவர் பந்தை உருட்டிப் பார்ப்பார். சேற்றில் அது அப்படியே நின்றுவிட்டால் கதை முடிந்தது. சந்தேகமான நாளில் காலையில் ஒரு சோதனை, பிறகு மதியம் இன்னொன்று. 3 மணி ஆட்டத்தை மதியம் 1 மணிக்கு ரத்து செய்வதும் உண்டு.

ஆகவே ‘ஆஃப்-பீக்’ (நெரிசல் இல்லாத நேரத்துக்கான) டிக்கெட் எடுங்கள். நேரத்தோடு ரத்து செய்தால் சிறு கட்டணம் பிடித்துக்கொண்டு மீதியைத் தந்துவிடுவார்கள்; எதுவரை ரத்து செய்யலாம் என்பதை டிக்கெட் எடுக்கும்போதே பார்த்துவிடுங்கள். முந்தின நாள் இரவும் அன்று காலையும் கிளப்பின் எக்ஸ் பக்கத்தைப் பாருங்கள். இணையதளம் தொண்டர்கள் ஓய்வு நேரத்தில் பார்ப்பது, தாமதமாகத்தான் மாறும். பாதி வழியில், ரயிலில் உட்கார்ந்துகொண்டு முதல் தடவையாக அந்தப் பக்கத்தைத் திறப்பவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. குளிர்காலத்தில் மாற்று ஏற்பாடாக, அதே ரயில் பாதையில் செயற்கைப் புல் மைதானம் உள்ள கிளப் ஒன்றைக் குறித்து வையுங்கள். கென்ட்டில் மெய்ட்ஸ்டோன் யுனைடெட் அப்படிப்பட்டது. மழைக்கு அங்கே பெரிய பயமில்லை.

பெயரைப் பார்த்து ஊரை முடிவு செய்வது

1857இல் தொடங்கிய ஷெஃபீல்டு எஃப்.சி., உலகின் மிகப் பழைய கால்பந்து கிளப். ஆனால் 2001இல் அது குடியேறிய மைதானம் ஷெஃபீல்டு நகரத்தில் இல்லை, பக்கத்து டெர்பிஷரின் டிரோன்ஃபீல்டில் இருக்கிறது. ஷெஃபீல்டுக்குள்ளேயே இருப்பது ஹாலம் கிளப்பின் சாண்டிகேட். 1860இல் இந்த இரு கிளப்புகளும் மோதிய இடம். வேறொரு கிளப்பின் மைதானத்தில் வாடகைக்கு ஆடுகிறவர்களும் நிறைய. பெயரை விட்டுவிட்டு அஞ்சல் குறியீட்டை மேப்பில் போடுங்கள்.

முன்பதிவுக்கு அலைவது

பெரும்பாலும் வாசலிலேயே வாங்கலாம்.

ஒரே இடத்தில் உட்கார்ந்துவிடுவது

ஆறாம் படிக்குக் கீழே பெரும்பாலும் ரசிகர்களைப் பிரித்து வைப்பதில்லை. இடைவேளையில் கூட்டம் மொத்தமாக நடந்து எதிர் கோலுக்குப் பின்னால் போகும், தம் அணி தாக்கும் பக்கத்துக்கு. கூடவே போங்கள். ஆடுகளம் தெரியும் இடத்தில் மது குடிக்கத் தடை போடும் 1985ஆம் ஆண்டுச் சட்டம் மேல் ஐந்து படிகளுக்குத்தான். அதற்குக் கீழே பிளாஸ்டிக் கிளாஸில் பீரோடு ஆட்டத்தைப் பார்க்கலாம். பயிற்சியாளர் இருக்கைக்குப் பின்னால் நின்றால் திட்டுவது முழுக்கக் காதில் விழும், குழந்தைகளைக் கூட்டிப் போனால் கொஞ்சம் தள்ளி நிற்கவும்.

பக்கத்து மைதானச் சிறுவர் ஆட்டத்தைப் படமெடுப்பது

கூடாது.

திரும்பும் பேருந்தைப் பார்க்காமல் போவது

3 மணி ஆட்டம் முடிய ஏறத்தாழ 4:50 ஆகும். டிசம்பரில் அதற்குள் இருட்டிவிடும். கிராமத்துப் பாதைகளில் கடைசிப் பேருந்து அதற்கு முன்பே போயிருக்கலாம், நடைபாதையும் இருக்காது. டாக்ஸி எண்ணைக் கிளப் பாரில் கேட்டு, இடைவேளையிலேயே சொல்லி வையுங்கள்.