வஹாக்கா முறையில் மர இகுவானா: பச்சைக் கிளையிலிருந்து கடைசிப் புள்ளி வரை

உடம்பெல்லாம் புள்ளியும் கோடுமாக நிறம் பூசிய மெக்சிகோ மர மிருகங்களைப் படத்தில் பார்த்துவிட்டு "இதை வீட்டில் செய்ய முடியுமா" என்று கேட்பவர்களுக்காக இந்தப் பதிவு. தாராளமாகச் செய்யலாம். இங்கே உடும்பு போன்ற இகுவானா என்ற பெரிய பல்லியைச் செய்யப் போகிறோம். ஆனால் பெயிண்ட் கடைக்கு முதலில் ஓடாதீர்கள். இந்த வேலையில் பாதிக்கு மேல் மரத்தோடுதான்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறையப் பேர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். இந்த மர மிருகங்களுக்கு இன்று வழங்கும் அலெப்ரிஹே என்ற பெயர் முதலில் காகிதப் பொம்மைகளுக்குத்தான் வந்தது. மெக்சிகோ நகரத்தில் காகிதக்கூழில் உருவங்கள் செய்துவந்த பேத்ரோ லினாரெஸ் 1936-இல் கடும் நோயில் கிடந்தபோது, இறக்கை முளைத்த கழுதையும் கொம்பு வைத்த சேவலும் அந்தப் பெயரைக் கூவிக்கொண்டு அவர் கனவில் வந்தன என்பார்கள். மரச் செதுக்கல் வேறு ஊர், வேறு ஆள். வஹாக்கா மாநிலத்தில் அராசோலா கிராமத்து மனுவேல் ஹிமேனெஸ் (1919–2005) தன் கற்பனை மிருகங்களை மரத்தில் செதுக்கி விற்கத் தொடங்கினார். அவருக்குப் பின்னால் ஊரே செதுக்கியது. சான் மார்ட்டின் தில்காஹெத்தே, லா யூனியோன் தெஹாலாபாம் ஆகிய ஊர்களுக்கும் இந்தத் தொழில் பரவியது. லினாரெஸின் காகிதப் பொம்மைப் பெயர் இந்த மரச் சிற்பங்களுக்கு ஒட்டிக்கொண்டது பிற்பாடுதான்.

சரி, மரத்துக்கு வருவோம். வஹாக்காவில் எல்லோரும் கேட்பது கோப்பல் மரம். அதன் பிசினைத்தான் மெக்சிகோவில் தூபம் போடுகிறார்கள். நம் கருங்குங்கிலியம் தரும் மரமும் அதே தாவரக் குடும்பம். இன்னும் நெருக்கமான உறவு வேண்டுமென்றால், கொங்குப் பக்கத்துக் காடுகளில் வேலியாக நிற்கிற கிளுவையும் அந்தக் குடும்பம்தான்! நான் கிளுவையைத்தான் சொல்வேன். கையில் அடங்குகிற உருவத்துக்கு மணிக்கட்டுப் பருமனுள்ள கிளை போதும், முள்ளை மட்டும் முதலிலேயே சீவிவிடுங்கள். கிடைக்காவிட்டால் கல்யாண முருங்கை. மெக்சிகோவில் முகமூடி செதுக்கப் பயன்படும் சொம்பாந்த்லே என்ற மரம் அதே பேரினத்தைச் சேர்ந்தது. மரக்கடையில் கிடைக்கிற காய்ந்த குமிழும் நல்ல மரம்தான், ஆனால் அதில் சுத்தியலும் உளியுமாக மல்லுக்கட்ட வேண்டும். வஹாக்காவில் பச்சை மரத்தில் செதுக்குவதற்குக் காரணமே ஈரம் இருக்கும்போது கத்தி சுலபமாக இறங்கும் என்பதுதான்.

கிளை எடுக்கும்போது நேரான துண்டைத் தேடாதீர்கள். இகுவானா செய்யப் போகிறோம், வால் வளைய வேண்டும், அதனால் வளைந்த கிளைதான் வேண்டும். கிளை வளைந்த போக்கிலேயே நாரும் வளைந்து ஓடும், வால் மெலிந்தாலும் முறியாது. நேரான கட்டையில் வளைந்த வாலைச் செதுக்கினால் நார் குறுக்கே வெட்டுப்பட்டு, உப்புத்தாள் போடும்போதே ஒடிந்துவிடும். கவைக் கிளை கிடைத்தால் இன்னும் நல்லது, கவையைக் காலாக்கிக்கொள்ளலாம்.

கருவிகள்: அங்கே முதல் உருவத்தை மச்செத்தே என்ற நீளக் கத்தியால் வெட்டி எடுக்கிறார்கள். நமக்கு வீட்டு வெட்டுக்கத்தி போதும். அரை அங்குலத் தட்டை உளி ஒன்று, குழி உளி ஒன்று, மரப்பிடி போட்ட சின்னக் கத்தி ஒன்று. இருபது உளி கொண்ட பெட்டியாக வாங்க வேண்டாம், அதில் பாதியைத் தொடவே மாட்டீர்கள். அந்தக் காசில் நல்ல சாணைக்கல் வாங்குங்கள். மழுங்கிய கத்திதான் கையை வெட்டும், அழுத்தித் தள்ள வேண்டியிருப்பதால் எங்கே நழுவும் என்று தெரியாது. மின் கருவி இல்லாமலே செய்யலாம். அங்கேயும் பெரும்பாலும் கைவேலைதான்.

செதுக்கும்போது பட்டையை உரித்து, பக்கவாட்டுத் தோற்றத்தைப் பென்சிலால் வரைந்து, பெரிய துண்டுகளை முதலில் எடுங்கள். முகத்தையும் விரல்களையும் கடைசிக்கு வையுங்கள். மூக்குக்கு முன்னாலும் வால் நுனிக்கு அப்பாலும் இரண்டு விரற்கடை மரத்தை வெட்டாமல் விட்டுவிடுங்கள். எதற்கென்று அடுத்த படியில் புரியும்.

என்னைப் பாடாய்ப் படுத்திய படி உலர்த்துவதுதான். பச்சை மரம் வெளிப்பக்கம் முதலில் காயும், காயும்போது சுருங்கும். உள்ளே ஈரமாக இருக்கும் பகுதி சுருங்காமல் நிற்கும். வெளித்தோல் இழுபட்டு வெடிக்கும், அதிலும் வெட்டுமுனைகளில் முதலில் வெடிக்கும். அதனால்தான் முனைகளில் கூடுதல் மரம்: வெடிப்பு அங்கே விழட்டும், பிறகு அறுத்துப் போட்டுவிடலாம். வயிற்றின் அடிப்பக்கத்தைக் குழி உளியால் குடைந்து, கிளையின் நடுவே ஓடும் மெத்தென்ற தண்டை எடுத்துவிட்டால் விரிசல் நன்றாகக் குறையும். அப்புறம் செய்தித்தாளில் சுற்றி, சீவிய மரத்தூளோடு ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள். வெயில் கூடாது, மின்விசிறிக் காற்றும் கூடாது. வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை போட்டுக் குறித்துவையுங்கள். எடை இறங்கிக்கொண்டே வந்து ஒரு இடத்தில் நின்றுவிடும். அதன் பிறகுதான் மேற்கொண்டு தொட வேண்டும். வஹாக்காவில் பெரிய உருவங்களைப் பல மாதங்கள் காயவிடுகிறார்கள், நாம் ஏன் அவசரப்பட வேண்டும்?

இவ்வளவு செய்தும் ஒன்றிரண்டு விரிசல் விழத்தான் செய்யும். அங்கே அதற்குக் கோப்பலிலேயே சிறு ஆப்புகள் சீவி அடித்து, மேலே மரத்தூளும் பிசினும் குழைத்துப் பூசுகிறார்கள். நீங்களும் அதே கிளையின் மிச்சத்தில் மெல்லிய ஆப்பு சீவுங்கள். ஆப்பின் நார் உடம்பின் நாரோடு ஒரே திசையில் ஓட வேண்டும். ஃபெவிகால் தடவிச் செருகி, காய்ந்ததும் துருத்தியதைச் சீவிவிட்டு, மீதி இடுக்கில் மரத்தூளும் ஃபெவிகாலும் பிசைந்து அடையுங்கள். சுவருக்குப் போடும் பட்டியை மட்டும் தொடாதீர்கள். மழைக்காலத்தில் மரம் ஊதும், பட்டி ஊதாது, ஓரம் கிளம்பி பெயிண்டோடு உதிர்ந்துவிடும்.

உப்புத்தாள் 80, 150, 240 என்ற வரிசையில். இதை விவரிக்க ஒன்றுமில்லை.

பெயிண்ட். 1980-களின் நடுப்பகுதி வரை அங்கே அனிலீன் என்ற செயற்கைச் சாயம்தான், அது வெளுத்துவிடும் என்று அக்ரிலிக்குக்கு மாறினார்கள். தில்காஹெத்தேயில் ஹாக்கோபோ, மரியா ஆங்ஹெலெஸ் தம்பதியின் பட்டறை இயற்கைச் சாயங்களுக்குப் பேர் போனது. கோப்பல் பட்டைத் தூளை எலுமிச்சைச் சாற்றிலும் சுண்ணாம்பிலும் குழைத்து ஒரே தூளில் பல நிறம் எடுக்கிறார்கள். கள்ளிச்செடியில் வளரும் கொச்சினீல் பூச்சியிலிருந்து சிவப்பு. (அந்தப் பூச்சியை வளர்த்துச் சாயம் எடுக்க 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற மருத்துவர் சென்னை சைதாப்பேட்டையில் கள்ளித்தோட்டமே போட்டார்.) தொடங்குகிறவர்களுக்கு அக்ரிலிக் போதும். ஒரே அடர்நிறத்தை உடம்பு முழுக்க இரண்டு முறை பூசி நன்றாகக் காயவிடுங்கள். புள்ளிக்குப் பிரஷ் வேண்டாம், ஈர்க்குச்சியை வெவ்வேறு பருமனில் நறுக்கிக்கொள்ளுங்கள். குச்சியைப் பெயிண்டில் தொட்டு, முதல் புள்ளியைத் தாளில் வைத்துவிட்டு, இரண்டாவதிலிருந்து மரத்தில் வைத்தால் அளவு சீராக வரும். முதுகெலும்பில் தொடங்கி இரண்டு பக்கமும் இறங்குங்கள். கோலங்களுக்கு, வஹாக்காவின் பூர்வகுடிகளான சப்போத்தெக் மக்களின் பழைய ஊரான மித்லாவில் கற்சுவர்களில் இருக்கும் படிக்கட்டு வடிவங்களைப் பார்த்துப் பழகலாம். ஆனால் இன்று அங்கே உழைத்துக்கொண்டிருக்கும் ஒரு குடும்பத்தின் வேலைப்பாட்டை அப்படியே நகலெடுத்து விற்காதீர்கள். பெரும்பாலும் ஆண்கள் செதுக்க, பெண்களும் பிள்ளைகளும் தேய்த்து நிறம் பூசி, குடும்பமாகப் பிழைக்கும் தொழில் அது.

பின்சேர்க்கை: பதிவைப் படித்துச் செய்து பார்த்தவர்கள் இரண்டு விஷயம் கேட்டிருந்தார்கள்.

பெயிண்ட் செதில் செதிலாக உரிகிறது என்றால், பிசின் கசியும் இடத்தில் நேரடியாகப் பூசியிருப்பீர்கள். கிளுவையில் இது வரும். அந்த இடத்தைச் சுரண்டி, ஸ்பிரிட்டில் துடைத்து, அரக்கு பாலிஷ் ஒரு பூச்சு கொடுத்துவிட்டுப் பூசுங்கள்.

உருவத்துக்கு அடியில் மாவு போலத் தூள் கொட்டுகிறது என்றால் உள்ளே வண்டு இருக்கிறது. வஹாக்காவிலும் இதே தொல்லை உண்டு. சிலர் உறையவைக்கிறார்கள், சிலர் அடுப்பில் சூடாக்குகிறார்கள், பெட்ரோலில் முக்குகிறவர்களும் உண்டு. பெட்ரோல் வேலையை வீட்டில் செய்யவே செய்யாதீர்கள். பெயிண்ட் பூசுவதற்கு முன்பே, நன்றாகக் காய்ந்த உருவத்தைக் காற்றுப் புகாத பாலித்தீன் பையில் கட்டி இரண்டு வாரம் ஃப்ரீஸரில் வையுங்கள். வெளியே எடுத்தவுடன் பையைப் பிரிக்காதீர்கள், அறைச் சூட்டுக்கு வந்த பிறகு பிரித்தால்தான் மரத்தின் மேல் ஈரம் கோக்காது.