தஞ்சாவூர்ப் படத்தில் கை வைக்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் வகுப்புக்கு வரும் பெண் ஒருத்தி, பழைய பட்டாபிஷேக ராமர் படம் ஒன்றைப் பழம்புடவையில் சுற்றிக் கொண்டுவந்தாள். "சார், சொந்தக்காரங்க வீட்டுப் படம். புதுசு பண்ணித் தரச் சொன்னாங்க. பத்தாயிரம் பேசியிருக்கேன்" என்றாள். ரேக்கு (மெல்லிய தங்கத் தாள்) ஒட்டக் கற்றுக்கொண்டு அவளுக்கு நான்கு மாதம்கூட ஆகவில்லை. பையில் ஒரு பொட்டலம் பஞ்சும் தண்ணீர் பாட்டிலும் எட்டிப் பார்த்தன. எனக்கு வயிற்றைக் கலக்கியது. இதே பஞ்சோடு நானும் ஒரு வீட்டுக்குப் போயிருக்கிறேன்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். கோடு கோணுவது, கோந்து கூடிப்போவது, எண்ணெய்க் கையோடு ரேக்கைத் தொடுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அதையெல்லாம் பலகையே சொல்லிக்கொடுத்துவிடும்.

சோழர் கதை அளப்பது

படம் விற்கும்போது "இது ராஜராஜ சோழன் காலத்துக் கலை" என்று சொல்லும் பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன். சோழர் ஓவியம் பெரிய கோயில் கருவறையைச் சுற்றியுள்ள உள்சுற்றுச் சுவரில் இருக்கிறது. அது சுண்ணாம்புச் சுவரில் தீட்டியது, வேறு தொழில். நாம் செய்யும் பலகைப் படம் நாயக்கர், மராட்டியர் அரசவைகளை அண்டி வளர்ந்தது. மராட்டிய போன்ஸ்லே அரசர்கள் காலத்தில், அதிலும் 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜியின் நிழலில், நன்றாகச் செழித்தது.

அரண்மனையும் நாயக்கர் தொடங்கி மராட்டியர் விரித்துக் கட்டியதுதான். அங்கிருக்கும் சரஸ்வதி மகால் நூலகத்துக்கும் விதை போட்டவர்கள் நாயக்கர்கள்; சரபோஜி வாங்கிச் சேர்த்த சுவடிகளும் புத்தகங்களும்தான் அதற்கு இன்றைய பெயரைக் கொடுத்தன. அரண்மனை மாடியைக் காட்டி, "இங்கேதான் ராஜராஜன் நின்னு கோயிலைப் பார்த்தார்" என்று ஒருவர் சுற்றுலாக் கூட்டத்துக்குச் சொல்லக் கேட்டிருக்கிறேன். இடையில் ஐந்நூறு வருடத்துக்கு மேல் இருக்கிறது, ஐயா.

மக்கை அவசரப்படுத்துவது

சாக் பவுடரும் அரபிக் கோந்தும் குழைத்த மக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்துத்தான் தூண், வளைவு, நகை எல்லாம் எழுப்புகிறோம். ஒரே தடவையில் தடிமனாக வைத்தால் மேல்பக்கம் காய்ந்துவிடும், உள்ளே ஈரம் நிற்கும். ஆர்டர் அவசரம் என்று ஃபேனுக்கு நேராகச் சாய்த்து வைத்தால் மறுநாள் காலை தலைமுடி கனத்துக்கு விரிசல் ஓடியிருக்கும். ரேக்கை மேலே ஒட்டி மறைத்துவிடலாம்தான். ஒரு மழைக்காலம் தாங்கும். அப்புறம் வளைவு அப்படியே பெயர்ந்து கண்ணாடிக்குள் கீழே கிடக்கும், வாங்கியவர் போனில் கூப்பிடுவார்.

பழைய படத்தைப் 'புதுசு' பண்ணுவது

இதற்குத்தான் வந்தேன்.

1994-ல் எனக்கு இருபத்திரண்டு வயது. ஆசானிடம் பாதி கற்றதுமே முழுதும் வந்துவிட்டது என்று நினைப்பு. காரைக்குடிப் பக்கத்து வீடு ஒன்றில் நவநீத கிருஷ்ணன், அதாவது வெண்ணெய் வைத்திருக்கும் குழந்தைக் கண்ணன், படத்தைச் சுத்தம் செய்து தரக் கேட்டார்கள். பூஜை அறை விளக்குப் புகை ஏறி, படமே புகைக்கு நடுவில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. பஞ்சை நனைத்தேன். முதல் துடைப்பில் கறுப்பு வந்தது. இரண்டாவதில் பழுப்பு. "அடடா, எவ்வளவு அழுக்கு" என்று இன்னும் அழுத்தினேன். மூன்றாவது பஞ்சில் இளஞ்சிவப்பு வந்தது. அது அழுக்கு இல்லை, கிருஷ்ணனின் கன்னம்.

அந்தக் காலத்து நிறங்களைக் கோந்தில்தான் குழைத்தார்கள். தண்ணீர் பட்டால் கோந்து இளகும், நிறம் கையோடு வரும். இது எனக்குத் தெரியாத விஷயமும் இல்லை. தினமும் அரபிக் கோந்தை ஊறவைத்துக் குழைத்த கை அது. இருநூறு வருடம் ஆனாலும் கோந்து கோந்துதான் என்பது மட்டும் உறைக்கவில்லை.

அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். கன்னம் போனதை மறைக்க முழு உடம்புக்கும் புது நிறம் கொடுத்தேன். அதுவும் நீலம்! பழைய கிருஷ்ணன் வெள்ளையாக, கொழுகொழுவென்று இருந்தான். கிருஷ்ணன் வெள்ளையாக இருப்பானா, வரைந்தவர் தப்பு பண்ணிவிட்டார் என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். பிறகு பழைய படங்களைத் தேடித் தேடிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: தஞ்சாவூர்ப் படங்களில் குழந்தைக் கண்ணனை வெளுப்பாகக் காட்டுவது வழக்கம், வளர்ந்த கண்ணனுக்குத்தான் நீலம். நான் தப்பைத் திருத்தவில்லை, மரபைத் துடைத்துவிட்டு வந்திருக்கிறேன். தூணில் மங்கியிருந்த ரேக்கையும் பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டுப் புது ரேக்கு ஒட்டினேன். பளபளவென்றுதான் இருந்தது, கல்யாண மண்டபம் மாதிரி.

கொண்டுபோய்க் கொடுத்தபோது அந்த வீட்டு ஆச்சி ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா எங்க கிருஷ்ணன் எங்கே?" என்றார். கூலியைக் குறைக்காமல் கொடுத்தார். அதை இன்றும் பொறுக்க முடியவில்லை.

இது ஏன் மற்ற தவறுகளைப் போல இல்லை என்றால், திரும்பிப் போய்ப் பார்க்க எதுவும் இல்லை. பழைய படங்களில் வரைந்தவர் பெயர் இருப்பது அபூர்வம். 1855-ல் சரபோஜியின் மகன் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார், ராஜ்ஜியம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. அரண்மனைப் படியளப்பை நம்பியிருந்த கைத்தொழில்காரர்கள் வேறு வாசல் தேடினார்கள். படம் வரைபவர்களுக்குச் செட்டியார் வீடுகளும் வியாபாரிகளும் கை கொடுத்தார்கள். அதனால்தான் அரசவையில் பழகிய கை வரைந்த படம், யார் வரைந்தது என்ற குறிப்பே இல்லாமல், ஏதோ ஒரு வீட்டுப் பூஜை அறையில் தொங்குகிறது. அந்தக் கைக்கு மிச்சம் இருக்கும் ஒரே சாட்சி அந்தப் பலகைதான். அதைத்தான் நாம் பஞ்சால் துடைக்கிறோம்.

வகுப்பில் ஒரு பையன் கேட்டான்: "சார், பெரிய கோயில்ல சோழர் ஓவியத்து மேலயே நாயக்கர்கள் வரைஞ்சாங்களே, அது மட்டும் சரியா?" நல்ல கேள்வி. ஆனால் அவர்கள் மேலே சுண்ணாம்புப் பூச்சு போட்டு அதன்மேல் வரைந்தார்கள். அடியில் இருந்தது அடியிலேயே தங்கியது. 1931-ல் மேல்பூச்சு உதிர்ந்த இடத்தில் வெளியே தெரிந்தது. நான் சுரண்டியது எந்தப் பூச்சுக்கு அடியிலும் இல்லை. என் பிளேடோடு குப்பைக்குப் போய்விட்டது.

சரி, என்னதான் செய்யலாம்? கை வைக்கும் முன் படத்தை முன்னும் பின்னும் போட்டோ எடுங்கள், பின்பலகையையும் சேர்த்து. சரபோஜி அரண்மனையில் கண் வைத்தியம் பார்த்தபோது நோயாளியின் கண்ணைப் படமாக வரைந்து, குறிப்போடு சேர்த்து வைத்தார்கள். அந்தத் தாள்கள் இன்னும் சரஸ்வதி மகாலில் இருக்கின்றன. கையில் செல்போனை வைத்துக்கொண்டு நமக்கு அதுகூட முடியவில்லையா? நிறமும் ரேக்கும் உரியாமல் கெட்டியாக இருந்தால், காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தூசியை மட்டும் தட்டலாம். அதோடு நிறுத்துங்கள். தண்ணீர், சோப்பு, உருளைக்கிழங்குத் துண்டு, வார்னிஷ் எதுவும் வேண்டாம். உருளைக்கிழங்கு யோசனை எங்கிருந்து கிளம்பியது என்று தெரியவில்லை, வருடத்துக்கு இரண்டு பேராவது கேட்கிறார்கள். உரிகிற படமாக இருந்தால் கண்ணாடியைக்கூடக் கழற்றாமல், பழம்பொருள் பாதுகாப்பு படித்தவர்களிடம் போங்கள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-லிருந்தே இதற்கென்று ஆய்வகம் இருக்கிறது. படம் வரையத் தெரிவதும் படத்தைக் காப்பாற்றத் தெரிவதும் ஒன்று இல்லை. எனக்கு முன்னது தெரியும், பின்னது தெரியாது. இதைச் சொல்ல எனக்குப் பல வருடம் பிடித்தது.

ராமர் படத்தைக் கொண்டுவந்த பெண் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தாள். என்மேல் கோபம்தான். இன்னும் வகுப்புக்கு வருகிறாள்.

மைசூர் படத்தைத் தஞ்சாவூர் என்று விற்பது

மைசூரில் மக்கு மேடு தாழ்வு, ரேக்கு மெல்லிசு. விரலால் தடவாமலே, சாய்த்துப் பார்த்தால் தெரியும்.

முகத்தில் ஆரம்பிப்பது

பதிக்கும் கல், மக்கு, ரேக்கு, அப்புறம்தான் நிறம். கண் கடைசி.

வெளிநாட்டுக்கு அனுப்பித் தருகிறேன் என்று ஒப்புக்கொள்வது

புதுப் படம் என்றால் தாராளமாக. நூறு வருடம் தாண்டிய படம் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள்; அதை நாம் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. உறவுக்காரர் அமெரிக்காவில் இருக்கிறார் என்பதெல்லாம் அங்கே செல்லாது.

ஆணி

பிளைவுட், மக்கு, கல், கண்ணாடி, தேக்குச் சட்டம் எல்லாம் சேர்ந்த கனத்துக்குக் காலண்டர் ஆணி போதாது. திருகாணி இரண்டு போடச் சொல்லுங்கள். குளியலறைச் சுவரின் மறுபக்கத்தில் மாட்டச் சொன்னால், வேறு சுவர் கேளுங்கள்.