குற்றாலம் பேரருவியில் குளிக்கப் போகிறீர்களா?

தென்காசியிலிருந்து குற்றாலம் சுமார் 5 கிலோமீட்டர். சென்னையிலிருந்து வருபவர்கள் பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் தென்காசியில் இறங்கலாம். அங்கிருந்து பஸ், ஆட்டோ இரண்டும் உண்டு. பேரருவிக்கு மலையேற வேண்டியதில்லை, கடைவீதியைத் தாண்டினால் அருவி. அதனாலேயே கூட்டமும் அதிகம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் காலம். சனி, ஞாயிறைத் தவிர்த்து, வார நாளில் விடியற்காலையில் போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் போனால் வரிசையில் நின்று, நனைந்தும் நனையாமலும் திரும்ப வேண்டியிருக்கும்.

இறங்குமுன் ஐந்து நிமிடம் தண்ணீரைப் பாருங்கள். மேலிருந்து வரும் தண்ணீர் பாதி வழியில் பொங்குமாங்கடல் என்ற பாறைக்குழியில் விழுந்து, நிரம்பி வழிந்துதான் கீழே வருகிறது. நாம் தலையைக் கொடுக்க முடிவதே வேகம் அங்கே அடங்குவதால்தான். வரத்து கூடினால் குழி தாங்காது. அருவிக்கு முன்னுள்ள பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டும், உடனே குளிக்கத் தடை போடுவார்கள். ஊரில் வெயில் அடித்தாலும் மலையில் மழை கொட்டிக்கொண்டிருக்கலாம். தண்ணீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் சேர்ந்து விழுந்தாலோ, இரைச்சல் திடீரென்று கூடினாலோ போலீஸ் விசிலுக்குக் காத்திருக்காதீர்கள், வெளியேறுங்கள். 2024 மே மாதம் பக்கத்திலுள்ள பழைய குற்றால அருவியில் வந்த திடீர் வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோனது.

ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம் உண்டு. சங்கிலி, மோதிரம், கண்ணாடியைக் கழற்றி, கரையில் நிற்கும் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். புடவையும் வேட்டியும் காலைத் தடுக்கும். பெண்களுக்குச் சுடிதார், ஆண்களுக்கு அரைக்கால் சட்டை நல்லது. எண்ணெய், சோப்பு, ஷாம்புக்குத் தடை இருக்கிறது. அது நியாயமும்கூட: பாறையில் எண்ணெய் படிந்தால் அடுத்தவர் வழுக்கி விழுவார்.

முதலில் காலை நனைத்துக் குளிர் பழகட்டும். பிறகு கம்பியைப் பிடித்து, ஓரத்தில் நுழைந்து, தோளிலும் முதுகிலும் தண்ணீரை வாங்குங்கள். எடுத்தவுடன் உச்சந்தலையைக் கொடுத்தால் மூச்சு முட்டும். இதய நோயாளிகள் ஓரத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. சிறு பிள்ளைகளுக்குப் புலியருவி போதும், வேகம் குறைவு.

குற்றாலநாதர் கோவில் பக்கத்திலேயே இருக்கிறது. மாற்று உடை, துண்டு, ஈரத்துணிக்கு ஒரு பை கையில் இருக்கட்டும். தின்பண்டத்தைப் பைக்குள்ளேயே வையுங்கள், குரங்குகள் பறித்துவிடும்.