கிரகோரியன் கீதம்: புதிய பாடகர் குழுக்கள் சறுக்கும் இடங்கள்

இலத்தீன் பாடல் பூசைக்காக ஏழெட்டுப் பேர் சேர்ந்து கிரகோரியன் கீதம் (கத்தோலிக்கத் திருச்சபையின் பழைய இலத்தீன் வழிபாட்டுப் பாடல்) கற்கத் தொடங்கினால், முதலில் நடப்பது பெரும்பாலும் இதுதான்: ஆளுக்கொரு தாள் கைக்கு வரும், ஒருவர் கீபோர்டில் மெட்டை வாசித்துக் காட்டுவார், எல்லோரும் அதைப் பிடித்துக்கொள்வார்கள். சிக்கல் அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. இதற்குத் தாளக்கட்டு கிடையாது. செபத்தின் சொற்கள்தான் இதை நடத்திச் செல்கின்றன. அதனால் மெட்டைத் தொடுவதற்கு முன் வரிகளை வாய்விட்டுப் படியுங்கள், அர்த்தம் தெரிந்து படியுங்கள். படிக்கும்போது வரும் வேகம்தான், ஏறக்குறைய, பாடும் வேகமும்.

சொல் அழுத்தத்தில் எல்லாக் குழுக்களும் தடுக்கி விழுகின்றன. ‘தோமினுஸ்’ (ஆண்டவர்) என்றால் அழுத்தம் ‘தோ’வில். ஆனால் பல இடங்களில் கடைசி ‘நுஸ்’ மேல் நாலைந்து சுரங்கள் இருக்கும். சுரம் நிறைய இருக்கிறதே என்று அங்கே குரலை ஏற்றினால் சொல் சிதைந்துவிடும். அங்கே மெல்ல இறங்கத்தான் வேண்டும். மூன்றும் அதற்கு மேலும் அசை உள்ள சொற்களுக்குப் புத்தகத்திலேயே அழுத்தக்குறி போட்டிருப்பார்கள். இரண்டசைச் சொல்லில் முதல் அசைதான். உச்சரிப்பையும் முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். ‘ஆக்னஸ்’ இல்லை, ‘ஆன்யுஸ்’. ‘எக்ஸெல்சிஸ்’ இல்லை, ‘எக்ஷெல்சிஸ்’. பாதிப் பேர் ஒரு மாதிரி, பாதிப் பேர் இன்னொரு மாதிரி சொன்னால் குரல்கள் ஒன்றாகவே சேராது.

அப்புறம், திருப்பாடல்களில் வரும் நட்சத்திரக் குறி. ஞாயிறு மாலைச் செபத்தின் முதல் திருப்பாடலை எடுத்துக்கொள்ளுங்கள்: ‘தீக்ஸித் தோமினுஸ் தோமினோ மேஓ * சேதே ஆ தெக்ஸ்த்ரிஸ் மேஇஸ்.’ புதிய குழு அந்த நட்சத்திரத்தை ஓடித் தாண்டிவிட்டு, வசனம் முடிந்ததும் நீண்ட இடைவெளி விடும். வேண்டியது நேர்மாறானது. நட்சத்திரத்தில் எல்லோரும் நின்று, முழு மூச்சு எடுத்து, கோவிலின் எதிரொலி அடங்கும்வரை பொறுக்க வேண்டும். இரண்டு பக்கமாகப் பிரிந்து மாறி மாறிப் பாடுவதால், வசனம் முடிந்ததும் எதிர்ப்பக்கத்தார் தாமதிக்காமல் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த நடு மௌனத்தில்தான் திருப்பாடல் செபமாகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் வேறு பாடல்களின் தொடக்கத்தில் இதே குறிக்கு அர்த்தம் வேறு: அதுவரை முன்பாடகர் தனியே பாடுவார், பிறகு எல்லோரும் சேர்ந்துகொள்வார்கள்.

நான்கு கோட்டுச் சுரக்குறிகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கும் இரண்டு சதுரங்களில் கீழ்ச் சுரம்தான் முதலில். க்விலிஸ்மா என்ற பல்பல்லான குறியைப் பலர் நீட்டுகிறார்கள். பிரான்சின் சொலேம் மடத்து முறையில் நீள்வது அதற்கு முந்தைய சுரம், க்விலிஸ்மா லேசாகக் கடந்துபோகும். சுரத்துக்குக் கீழே நிற்கும் சின்னச் செங்குத்துக் கோட்டைக் கண்டதும் குரலை அடிப்பது இன்னொரு தவறு. அது அந்த மடத்தார் சேர்த்த தாள வழிகாட்டி, பாடல் நூலின் 1908 வத்திக்கான் பதிப்பில் இல்லாதது. சத்தத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

மூச்சு எடுப்பதிலும் ஒரு பழைய விதி உண்டு: ஒரே சொல்லின் அடுத்த அசைக்குச் சற்று முன்னால் மூச்சு வாங்கக் கூடாது. நீண்ட வரிகளில் பக்கத்தில் நிற்பவர் மூச்சு வாங்கும்போது நீங்கள் பாடுங்கள், அவர் பாடும்போது நீங்கள் வாங்குங்கள்.

சுருதியில் ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. தாளில் ‘தோ’ என்ற சுரம் எந்தக் கோட்டில் இருந்தாலும் அது பியானோவின் ‘சி’ என்று கட்டாயமில்லை. உங்கள் குழுவின் குரலுக்கு எது ஒத்துவருகிறதோ அங்கே வைத்துக்கொள்ளலாம். உச்சியில் கத்த வேண்டியிருந்தால் ஒரு படி இறக்குங்கள்.

பூசையில் ‘குளோரியா இன் எக்ஷெல்சிஸ் தேஓ’ குருவுக்கு உரியது. அதைக் குழு திரும்பப் பாடாமல் ‘எத் இன் தெர்ரா பாக்ஸ்’ என்பதிலிருந்து தொடர வேண்டும். ‘க்ரேதோ’விலும் (விசுவாச அறிக்கை) அப்படியே, ‘பாத்ரெம் ஓம்னிபொதென்தெம்’ என்று எடுக்க வேண்டும்.

கடைசியாக, ஆசையை அடக்குங்கள். முதல் ஆண்டிலேயே ஒவ்வொரு ஞாயிறும் கிராதுவாலையும் (வாசகத்துக்குப் பின் வரும் பாடல்) அல்லேலூயாவையும் முழு மெட்டில் பாட முயன்று கலைந்துபோகும் குழுக்கள் உண்டு. புத்தகத்தில் எண்ணிட்டிருக்கும் பூசை மெட்டுகளில் எட்டாவது அல்லது பதினோராவது ஒன்றை மனப்பாடமாகும்வரை பாடுங்கள். அன்றன்றைக்கு மாறும் பகுதிகளைத் திருப்பாடல் மெட்டில் எளிமையாகப் பாடிவிடலாம். கிராதுவாலின் நீண்ட வசனத்தைத் தனிக்குரல் ஒன்று தயாரான பிறகு பார்த்துக்கொள்ளலாம்.