பெட்ராபோல் வழியாகச் சரக்கு அனுப்பத் திட்டமிடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த இருவர், வங்கதேச எல்லையில் நம் பக்கத்து வாசலான பெட்ராபோல் வழியாகப் போகும் கொல்கத்தா–டாக்கா சரக்கு வழித்தடத்துக்கு ஒரு திட்டம் எழுதிக் கொண்டுவந்தார்கள். முதல் பக்கத்திலேயே 'கொல்கத்தாவிலிருந்து பெட்ராபோல் சுமார் 80 கி.மீ., மூன்று மணி நேரம்' என்று இருந்தது. பத்தாண்டுகளுக்கு முன் நான் எழுதிய அதே வரி. ஆவணத்தில் எடை மாறுவது, முத்திரை விடுபடுவது போன்றவற்றை யாரும் சொல்லித் தருவார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

தூரத்தைக் கணக்கிட்டுக் காத்திருப்பை விடுவது

அந்த வரியை நம்பி ஈரோட்டிலிருந்து ஒரு லாரி நூல் அனுப்பினேன். எல்லைக்கு முன்னால் போங்காவ் பார்க்கிங்கில் அது 19 நாள் நின்றது. டிரைவர் அண்ணன் வண்டி நிழலில் ஸ்டவ் வைத்துச் சமைத்தார். மாலையானால் போனில், "எல்லை தாண்ட நம்ம வரிசை நம்பர் இன்னும் வரவில்லை தம்பி" என்பார். தார்ப்பாய் மடிப்பில் தேங்கிய மழைநீர் கசிந்து ஓரத்துப் பைகள் நனைந்தன. லாரி நின்ற நாட்களுக்கான ஹால்டிங் கட்டணமும் நனைந்த நூலுக்குக் கொடுத்த தள்ளுபடியும் லாபத்தை முழுதாகத் தின்றுவிட்டன. எல்லையைத் தாண்டியும் வேலை முடியவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள பெனாப்போலில் எல்லாவற்றையும் இறக்கி வங்கதேச லாரியில் ஏற்ற வேண்டும்.

இதற்குத் தீர்வு கேட்டால் உடனே சாலையை அகலப்படுத்தக் கிளம்புகிறார்கள். அதுதான் எனக்கு இன்றும் எரிச்சல். பெட்ராபோலுக்குப் போகும் ஜெசோர் சாலையில் ஐந்து ரயில்வே மேம்பாலங்களுக்காக 356 பழைய மரங்களை வெட்டலாமா என்ற வழக்கு 2023-இல்தான் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. ரயில்வே கேட்டில் என் லாரி இழந்தது சில நிமிடங்கள்தான். மீன் ஏற்றிய குளிர்சாதன லாரி நிற்கும் நேரமெல்லாம் டீசல் எரிகிறது. பசுமை வழித்தடம் என்று எழுதுகிறவர்கள் முதலில் அந்த டீசலை எண்ணட்டும். 2022-இல் மேற்கு வங்க அரசு லாரிகள் எல்லை தாண்டும் நேரத்துக்கு 'சுவிதா' என்ற இணைய முன்பதிவைக் கொண்டுவந்தபோது, ஒரு மரமும் விழாமலே வரிசை குறைந்தது.

அந்த இருவரையும் போங்காவில் மூன்று நாள் நின்று பார்த்துவிட்டு வந்து எழுதச் சொல்லியிருக்கிறேன்.

ஒப்பந்தத்தைப் பாதையாக எண்ணுவது

வங்கதேசம், பூட்டான், இந்தியா, நேபாளம் ஆகிய நான்கும் ஒன்றின் வண்டி மற்றொன்றுக்குள் போக வழிசெய்யும் வாகன ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது 2015 ஜூனில். நம் லாரி இன்றும் பெனாப்போலில் சரக்கை இறக்கிவிட்டுத்தான் திரும்புகிறது.

ரயிலை மறப்பது

2020 ஜூலையில் ஆந்திராவின் ரெட்டிபாலத்திலிருந்து 384 டன் மிளகாய் வற்றல் ஒரே பார்சல் ரயிலில் பெனாப்போல் போய்ச் சேர்ந்தது. எல்லையின் இருபுறமும் அகல ரயில்பாதை. சரக்கைப் பெட்டி மாற்ற வேண்டியதில்லை.

ஒரே வாசலை நம்புவது

2025 ஏப்ரலில் வங்கதேசம் இந்தியாவிலிருந்து தரைவழி நூல் இறக்குமதியை நிறுத்தியது. கடல்வழிக்காக வங்கதேசத்தின் சட்டோகிராம் துறைமுகத்திலும் ஒரு ஏஜெண்ட் வைத்திருங்கள்.