கோரையை உழுதால் கோரைதான் விளையும்

போன மாதம் கொளத்தூரில் ஒரு வீட்டில் புல்தரைக்கு அளவெடுக்கப் போனேன். வீட்டுக்காரத் தம்பிக்கு ஒரே பெருமை. "அண்ணே, நேத்தே டில்லர் விட்டு மண்ணைப் புட்டு மாதிரி ஆக்கிட்டேன். நீங்க புல்லைப் பதிச்சா போதும்." எனக்கு வயிற்றைக் கலக்கியது. தண்ணீர் விட மறப்பது, உரத்தை அள்ளிக் கொட்டுவது எல்லாம் தெரிந்த கதை. அதை விடுங்கள். புல்தரையைக் கெடுக்கும் கோரைக் களையை ஒழிக்கப் போய் நாம் செய்யும் தப்புகளைத்தான் சொல்லப்போகிறேன்.

கோரையை உழுவது

முதலில் அது கோரைதானா என்று பாருங்கள். தண்டை விரலிடுக்கில் உருட்டினால் உருளாது, மூன்று விளிம்பு தட்டுப்படும். பிடுங்கினால் மேலே இருப்பது மட்டும் கையோடு வரும், கிழங்கு அடியிலேயே தங்கிவிடும். சுண்டைக்காய் அளவு, கறுத்த தோல், நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளை, கூடவே ஒரு வாசனை. ஆயா குளியல் பொடிக்கு அரைத்த அதே கோரைக்கிழங்குதான்.

இந்தக் கிழங்குகள் மண்ணுக்குள் சரம் கோத்தது போல ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும். முன்னால் முளைத்தது மற்றதை முளைக்கவிடாமல் அடக்கி வைத்திருக்கும். டில்லர் கத்தி பட்டதும் சரம் அறுந்து, தூங்கிக் கிடந்ததெல்லாம் தனித்தனியாக எழுந்துகொள்ளும்.

எட்டு வருஷத்துக்கு முன் மாதவரத்தில் 600 சதுர அடி இடம். டில்லர் விட்டேன், மட்டம் தட்டினேன், கொரியன் புல்லைப் பதித்துவிட்டு வந்தேன். பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கார அம்மா போன் செய்தார். "தம்பி, புல்லுக்குள்ள ஊசி ஊசியா ஏதோ வருது." மொத்தத்தையும் பெயர்த்து மறுபடி போட்டுக் கொடுத்தேன், என் கைக்காசில். இன்றைக்கும் டில்லர் சத்தம் கேட்டாலே கடுப்பாகிறது.

இப்போதெல்லாம் தரையை நனைத்துவிட்டு இரண்டு வாரம் சும்மா விடுவேன். முளைத்த இடத்தில் கடப்பாரையால் நெம்பி, அரை அடி ஆழத்துக்கு மண்ணை எடுத்துக் கிழங்கைக் கையால் பொறுக்குவோம். கத்திரி வெயிலில் சிமெண்ட் தரையில் பரப்பினால் காய்ந்து சாகும். ஓரமாகக் குவித்தால் பிழைத்துக்கொள்ளும். அப்புறம் திரும்ப நனைப்பது, திரும்பப் பொறுக்குவது, குறைந்தது மூன்று முறை. "இன்னுமா முடியல?" என்று வீட்டுக்காரர் கேட்பார். கேட்கட்டும்.

கறுப்பு பிளாஸ்டிக் ஷீட் விரிப்பது

கோரை அதைக் குத்திக்கொண்டு வெளியே வரும்.

உப்பு கொட்டுவது

கூடவே கூடாது. எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் போர்வெல் தண்ணீரே கரிக்கிறது. அதில் உப்பு வேறு சேர்ந்தால் மண்ணே கெடும்.

செதுக்கிவிட்டு மருந்தடிப்பது

கிளைபோசேட் என்ற களைக்கொல்லி பச்சை இலை வழியாகத்தான் கிழங்குக்கு இறங்கும். காலையில் செதுக்கிவிட்டு மாலையில் வெறும் மண்ணில் அடிக்கிறார்கள். காசுக்குக் கேடு. அதுவும் பூச்சிக் கட்டுப்பாட்டு ஆட்கள் மூலமாகத்தான் அடிக்க வேண்டும் என்று 2022-லேயே மத்திய அரசு அறிவித்தது.

லோடு மண்ணை நம்புவது

பாடுபட்டுச் சுத்தம் செய்த தரைக்குச் செம்மண் லோடோடு கோரை திரும்பி வரும். முதலில் ஒரு சாக்கு மட்டும் வாங்கித் தொட்டியில் கொட்டி, தண்ணீர் தெளித்து இரண்டு வாரம் பாருங்கள். தலைகாட்டினால் அந்த மண் வேண்டாம்.

கொளத்தூர் தம்பியிடம் இப்போதைக்குப் புல் பதிக்க மாட்டேன் என்றதும் முகம் சுருங்கிப்போனது. வேறு ஆளைப் பார்ப்பார் என்றுதான் நினைத்தேன். நேற்று ஒரு போட்டோ அனுப்பியிருக்கிறார். புட்டு மாதிரி மண் முழுக்கப் பச்சை ஊசி.