தங்கமீன் தொட்டிக்கு வடிகட்டி தேர்ந்தெடுத்த விதம்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்திலுள்ள 100 லிட்டர் தொட்டியில், தண்ணீர் மாற்றிய சில நாட்களிலேயே கலங்கல் ஏற்பட்டு, தங்கமீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து மூச்சுக்குத் தவித்தன. தொட்டியுடன் வந்த சிறிய வடிகட்டி கண்ணுக்குத் தெரியும் அழுக்கைப் பிடித்தது. ஆனால் மீன்கழிவிலிருந்து உருவாகும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் படிந்து வாழ அதில் போதிய இடமில்லை. அதிகம் கழிக்கும் தங்கமீனுக்கு இந்த இடமே முதன்மையானது.

பெரிய தொட்டிகளுக்கு வெளியே வைக்கும் கேனிஸ்டர் வடிகட்டி மிகச் சிறந்தது. எனினும் மின்சாரம் நெடுநேரம் நின்றால், மூடிய கலத்துக்குள் ஆக்சிஜன் தீர்ந்து அந்தப் பாக்டீரியாக்கள் மடியத் தொடங்கும் என்பதால், ஆனி, ஆடிக் காற்றில் மின்தடையை எதிர்பார்த்தே வாழும் எனக்கு அது பொருந்தவில்லை. ஆகவே காற்று பம்பினால் இயங்கும் ஸ்பாஞ்சு வடிகட்டிகள் இரண்டை வாங்கி, மின்தடைக்கென பேட்டரி பம்பு ஒன்றையும் வைத்துக்கொண்டேன். வெயில் காலத்தில் சூடேறிய நீரில் ஆக்சிஜன் குறையும்போது, எழும் குமிழிகள் நீர்ப்பரப்பை அசைத்து அதையும் ஈடுசெய்கின்றன.

பழைய வடிகட்டியை உடனே எடுக்காமல், புதிய ஸ்பாஞ்சுகளில் பாக்டீரியா பெருகும்வரை சில வாரங்கள் சேர்த்தே ஓடவிட்டேன். சோதனைத் திரவத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியம் காட்டிய பிறகே அகற்றினேன். ஸ்பாஞ்சுகளை ஒரே நாளில் கழுவுவதில்லை. குளோரின் கலந்த குழாய்நீர் பாக்டீரியாக்களைக் கொல்லும் என்பதால், தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அவற்றை ஒன்று மாற்றி ஒன்றாகப் பிழிந்து எடுக்கிறேன்.